கடை வைத்த இசைக்கலைஞன்: வயலின், பியானோ ஆசிரியர்களுக்கு இரண்டாம் வயலினிலிருந்து ஒரு திறந்த மடல்

மேற்கத்திய இசை கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் உங்களில் ஒருவன் அல்ல. நாற்பது வயது தாண்டிய பிறகு, மகளுக்குத் துணையாக இருக்கட்டுமே என்று வயலினைக் கையில் எடுத்தவன். அவள் முதல் வயலின், நான் இரண்டாம் வயலின். அவள் பாட்டை வாசிப்பாள்; நான் அடியில் 'டம் டம்' என்று தாங்கிப் பிடிப்பேன். இரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டு மாலைகள் இப்படித்தான் கழிகின்றன. அண்டை வீட்டார் பொறுமைசாலிகள்.

சென்ற மாதம் ஒரு மாணவர் நிகழ்ச்சியில் நாங்கள் இருவரும் இக்னாஸ் பிளெயெல் எழுதிய டூயட் ஒன்றை வாசித்தோம். (டூயட் என்றதும் மரத்தைச் சுற்றி ஓடும் காட்சி நினைவுக்கு வருகிறவர்களுக்கு: இது இரண்டு வயலின்கள் உட்கார்ந்த இடத்திலேயே செய்யும் உரையாடல்.) அரங்கில் கொடுத்த துண்டறிக்கையில் ஒவ்வோர் இசையமைப்பாளரைப் பற்றியும் இரண்டு வரி இருந்தது. பிளெயெலுக்குக் கிடைத்த இரண்டு வரி இது: ஹைடனின் மாணவர், தொடக்கத்தில் நன்றாக எழுதினார், பின்னர் இசையைக் கைவிட்டு வியாபாரத்தில் இறங்கினார். (ஹைடன் என்பவர் அன்று ஐரோப்பாவே கொண்டாடிய ஆஸ்திரிய இசையமைப்பாளர்.)

அந்தக் 'கைவிட்டு' என்னும் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்த அமைப்பின் பெயர் இங்கே தேவையும் இல்லை. உங்களில் பலர் வகுப்பிலும் இதையேதான் சொல்கிறீர்கள் என்பதை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். "நல்ல ஆள்தான், ஆனால் கடை வைத்துவிட்டான்." ஏதோ குடிப்பழக்கத்துக்கு ஆளாகிவிட்டதைப் போன்ற தொனியில் அது வருகிறது. அந்தக் கடைக்காரனுக்காகக் கொஞ்சம் வாதாட அனுமதியுங்கள்.

1757 ஜூன் 18 அன்று, வியன்னாவுக்கு வடமேற்கே ரூப்பர்ஸ்தால் என்ற சிற்றூரில், பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் பிளெயெல். எர்டோடி என்ற பிரபு செலவை ஏற்றுக்கொள்ள, பதினைந்து வயது வாக்கில் ஐசன்ஷ்டாட்டில் ஹைடனின் வீட்டில் தங்கிப் படிக்கும் வாய்ப்பு கிடைத்தது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அங்கே இருந்தார். நம் ஊர் மொழியில் சொன்னால் குருகுலவாசம். குழந்தைகள் இல்லாத ஹைடனுக்கு இந்தப் பையன் மாணவனுக்கும் மேலே ஒரு படி என்பது பின்னால் அவரே எழுதிய கடிதங்களில் தெரிகிறது.

அந்த மாணவன் எப்படி வந்தான் என்பதற்கு மோட்சார்ட்டைவிடப் பெரிய சாட்சி தேவையா? 1784 ஏப்ரலில் தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், பிளெயெல் என்பவரின் புதிய குவார்டெட்டுகள் (நான்கு வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள்) வெளிவந்திருக்கின்றன, தேடிப்பிடித்து வாங்குங்கள், நன்றாக எழுதப்பட்டவை, கேட்க இனிமையானவை, குரு யார் என்பது உடனே தெரிந்துவிடும் என்கிறார் மோட்சார்ட். காலம் வரும்போது ஹைடனின் இடத்தைப் பிளெயெலால் நிரப்ப முடிந்தால் அது இசைக்கு நல்ல காலம் என்றும் சொல்கிறார். மோட்சார்ட் பிறரை எளிதில் பாராட்டுகிற ஆள் அல்லர் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதே ஆண்டில் இன்னொரு கூத்தும் நடந்தது. லண்டனில் ஃபார்ஸ்டர் என்ற பதிப்பாளருக்கு மூன்று ட்ரியோக்கள் (மூன்று வாத்தியங்களுக்கான படைப்புகள்) அனுப்ப வேண்டியிருந்தது ஹைடனுக்கு. அனுப்பினார். மூன்றில் இரண்டு அவருடையவை அல்ல, பிளெயெலுடையவை! ஹைடன் பெயரிலேயே அவை அச்சாயின. அதே ட்ரியோக்களைப் போட்டிப் பதிப்பகம் ஒன்றும் வெளியிட, இரு பதிப்பாளர்களும் வழக்குக்குப் போனார்கள். குரு சிஷ்யனின் சரக்கைத் தன் முத்திரையில் விற்ற இந்தக் கதையை ஹைடனின் வாழ்க்கைக் குறிப்பில் யாரும் இரண்டு வரியில் போடுவதில்லை. போடவும் வேண்டாம், நான் ஹைடனின் காலைத் தொட்டுக் கும்பிடுகிறவன். ஆனால் 'வியாபாரம்' என்ற சொல்லை யார்மேல் ஒட்டுகிறோம், யார்மேல் ஒட்டாமல் விடுகிறோம் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

பிளெயெல் ஸ்ட்ராஸ்பூர் தேவாலயத்தில் முதிய இசைத்தலைவர் ரிக்டருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். 1789-இல் ரிக்டர் இறந்ததும் அந்தப் பதவி அவருக்கே வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் திருமணம் ஆகியிருந்தது. அந்த ஆண்டின் முடிவிலேயே மூத்த மகன் காமீய் பிறந்தான். மொத்தம் நான்கு பிள்ளைகள். சிம்பொனி, குவார்டெட், டூயட் என்று மளமளவென்று எழுதித் தள்ளியதும் இந்த ஆண்டுகளில்தான். ஐரோப்பாவில் யார் வீட்டில் நான்கு பேர் வாத்தியத்தோடு கூடினாலும் மேசைமேல் பிளெயெலின் தாள் இருந்த காலம் அது. கடலைக் கடந்தும் போனது அந்தப் பெயர். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவில் 1822-இல், மக்களின் இசை ரசனையைத் தூய்மைப்படுத்தப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டு 'பிளெயெல் சங்கம்' ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்கள். திமிங்கில வேட்டைக்குப் பேர்போன தீவு அது.

இனி லண்டனுக்கு வருகிறேன். இந்த மனிதனின் குணத்தைக் காட்ட எனக்கு இது ஒன்றே போதும்.

1791-இல் ஹைடனை லண்டனுக்கு அழைத்துவந்து சாலமன் என்பவர் நடத்திய கச்சேரிகள் ஊரையே கட்டிப்போட்டன. எதிர்க் குழுவான 'புரொஃபஷனல் கான்சர்ட்' சும்மா இருக்குமா? ஹைடனுக்கு வயதாகிவிட்டது, இனிப் புதிதாக எதுவும் வராது என்று பத்திரிகையில் கிளப்பிவிட்டார்கள். அடுத்த பருவத்துக்கு அவருடைய மாணவனையே அவருக்கு எதிராக இறக்கினார்கள். பிளெயெல் அந்த டிசம்பரில் லண்டன் வந்து சேர்ந்தார். குருவுக்கும் சிஷ்யனுக்கும் சண்டை மூளும், சீட்டு விற்றுத் தீரும் என்பது கணக்கு.

பிளெயெல் என்ன செய்தார் தெரியுமா? வந்த மறுநாள் ஹைடனோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அன்று கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். சில வாரங்கள் கழித்து ஹைடன் வியன்னாவிலுள்ள தோழிக்கு எழுதுகிறார்: வந்ததிலிருந்து பிளெயெல் என்னிடம் நடந்துகொள்ளும் அடக்கத்தைப் பார்த்து எனக்கு அவன்மேல் மறுபடியும் பாசம் வந்துவிட்டது, அடிக்கடி சேர்ந்தே இருக்கிறோம், தகப்பனின் அருமை அவனுக்குத் தெரிந்திருக்கிறது, புகழைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டு இருவரும் திருப்தியாக வீடு திரும்புவோம். 'தகப்பன்' என்று ஹைடன் குறிப்பிடுவது தன்னைத்தான். பிப்ரவரியில் பிளெயெலின் முதல் கச்சேரி நடந்தபோது ஹைடன் அவையில் இருந்தார். பிளெயெலின் குழு ஹைடனின் சிம்பொனி ஒன்றை வாசித்தது.

வசீகரம் என்றால் மேடையில் முடியைச் சிலுப்புவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. சண்டைக்கென்றே சம்பளம் கொடுத்து அழைத்துவரப்பட்ட ஒருவன், சண்டையே போடாமல், இரு தரப்புக்கும் வேண்டியவனாகி, பணத்தோடும் நல்ல பெயரோடும் ஊர் திரும்பினானே, அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது? லண்டனில் சம்பாதித்ததைக் கொண்டு அல்சாஸ் பகுதியில் இட்டன்வில்லர் என்ற மாளிகையை வாங்கினார். குடும்பத்தோடு அங்கே நிம்மதியாக இருந்துவிடலாம் என்று நினைத்திருக்க வேண்டும்.

நாடு அவரை இருக்கவிடவில்லை. பிரெஞ்சுப் புரட்சி. தேவாலய வழிபாட்டு இசை நின்றுபோனது. 1793-இல் ஸ்ட்ராஸ்பூர் பேராலயமே 'பகுத்தறிவுக் கோயில்' ஆக்கப்பட்டது. தேவாலயத்தில் இசைத்தலைவராக இருப்பவனுக்குத் தேவாலயமே இல்லை என்று ஆனால் என்ன செய்வான்? போதாக்குறைக்கு அவர் ஆஸ்திரியாவில் பிறந்த அந்நியர். மாளிகை வேறு வைத்திருக்கிறார். காவலர்கள் சூழ்ந்து நிற்க ஏழு நாள்களில் புரட்சியைப் போற்றும் பெரும் படைப்பு ஒன்றை எழுதித் தந்து தலையைக் காப்பாற்றிக்கொண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. காவலர்களைப் பற்றிய பகுதியை அப்படியே நம்ப எனக்குத் தயக்கம். ஆனால் படைப்பு உண்மை. 1793 ஆகஸ்ட் 10 அன்று, மணிகள் ஒலிக்க, அதே பேராலயத்தில் அது நிகழ்த்தப்பட்டது.

1795-இல் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு பாரிஸுக்குக் குடியேறினார் பிளெயெல். வயது முப்பத்தெட்டு. அங்கே இசைத்தாள் விற்கும் கடையும் பதிப்பகமும் தொடங்கினார்.

ஆசிரியர்களே, 'கைவிட்டார்' என்று நீங்கள் சொல்வது இந்த இடத்தைத்தான். நான்கு பிள்ளைகள். பிரபுக்கள் ஓடிவிட்டார்கள் அல்லது தலை போய்விட்டது. பதவி போய்விட்டது. அவருடைய இசை மட்டும் ஐரோப்பா முழுக்க அச்சாகிக்கொண்டே இருந்தது, பெரும்பாலும் அவரைக் கேட்காமலே. கேட்காமல் அச்சடித்தவனிடமிருந்து எழுதியவனுக்குச் செப்புக்காசு வராது. பிரான்ஸில் ஆசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் தம் படைப்பின்மேல் உரிமை உண்டு என்று சட்டம் வந்ததே 1793 ஜூலையில்தான். இரண்டு ஆண்டு கழித்து இவர் பதிப்பகம் போடுகிறார். மற்றவர்கள் தன் எழுத்தில் சம்பாதிப்பதை இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தவன், அச்சகத்தின் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். இதில் துரோகம் எங்கே இருக்கிறது? வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று நினைக்கிற யாரும் இதைத்தான் செய்வார்கள்.

அந்தத் தொழிலும் லேசுப்பட்டதில்லை. அன்றைய இசைத்தாள் எப்படி அச்சானது என்று ஒரு தடவை உங்கள் மாணவர்களுக்குச் சொல்லுங்கள், வாயைப் பிளப்பார்கள். வெள்ளீயக் கலவைத் தகட்டில் ஐந்து கோடுகளைக் கீறுவார்கள். ஒவ்வொரு குறிக்கும் தனித்தனி உளி போன்ற முத்திரை. அதைச் சுத்தியலால் தட்டிப் பதிப்பார்கள். எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக. வலமிருந்து இடமாக இசையைத் தலைகீழாய் எழுதிக்கொண்டே போவது. ஒரு தட்டு தவறினால் தகட்டின் பின்புறத்திலிருந்து தட்டிச் சமன் செய்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும். இப்படி ஹைடன், பொக்கெரினி, கிளமென்டி, டுசெக், பேத்தோவன் என்று முப்பத்தொன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 4,000 படைப்புகளை அந்தப் பதிப்பகம் வெளியிட்டது. இசையைக் கைவிட்டவன் செய்கிற வேலையா இது?

என் மகள் ஒருநாள் கேட்டாள்: "ஏன் அப்பா, இந்த டூயட்டில் என் தாளில் உங்களுடைய வரி இல்லையே, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" நாங்கள் வைத்திருந்தது தனித்தனித் தாள்கள், அவளுடையதில் அவள் வரி, என்னுடையதில் என் வரி. பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறக்குறைய எல்லா வாத்திய இசையும் இப்படித்தான் விற்கப்பட்டது. வாசிப்பவனுக்கு அவனவன் பங்கு. முழுவதும் ஒன்றாக எழுதப்பட்ட ஸ்கோர் நடத்துநருக்கோ, எழுதியவருக்கோ மட்டும். அவையில் இருப்பவனுக்குக் காது உண்டு. கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

1802-இல் பிளெயெல் ஒரு வரிசையைத் தொடங்கினார். 'இசை நூலகம்' என்று அதற்குப் பெயர். ஹைடனின் நான்கு சிம்பொனிகளை முழு ஸ்கோராக, கையடக்க அளவில், சட்டைப்பைக்குள் போகிற மாதிரி அச்சிட்டு வெளியிட்டார். தொடர்ந்து குவார்டெட்டுகளும் வந்தன. இன்று மாணவர்கள் கச்சேரிக்கு எடுத்துப்போய் மடியில் விரித்துப் பார்க்கிறார்களே, அந்தச் சின்ன ஸ்கோர்களுக்கெல்லாம் முன்னோடி இந்தக் கடைதான். அதைக் கொண்டு யாரும் வாசிக்க முடியாது. எழுத்து அவ்வளவு சிறியது. அது வாசிப்பவனுக்காகவே போட்டது அல்ல. கேட்பவனுக்கும் படிப்பவனுக்கும் போட்டது. இரண்டாம் வயலின் எங்கே நுழைகிறது, ஏன் அங்கே நுழைகிறது என்று ஒரு சாதாரண ரசிகன் விரல் வைத்துப் பார்க்கலாம். இசையைக் கேட்கிறவனை அறிவாளியாக நடத்திய முதல் வியாபாரம் என்று இதைச் சொல்வேன். நான் கொஞ்சம் மிகைப்படுத்துகிறேன்தான். இரண்டாம் வயலின் வாசிப்பவனுக்கு இந்த விஷயத்தில் உணர்ச்சி பொங்குவது இயல்பு.

அதற்கு முந்தைய ஆண்டு, 1801-இல், ஹைடனின் குவார்டெட்டுகள் அனைத்தையும் திரட்டிய பதிப்பைக் கொண்டுவரத் தொடங்கியிருந்தார். முன்பு சிஷ்யனின் இரண்டு ட்ரியோக்களைத் தன் பெயரில் விற்ற குருவுக்கு, சிஷ்யன் செய்த பதில் மரியாதை இது. இதிலும் வேடிக்கை விட்டபாடில்லை. ஹைடனின் மூன்றாம் தொகுதி என்று பிளெயெல் சேர்த்த ஆறு குவார்டெட்டுகள் ஹைடனுடையவையே அல்ல என்பது இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ரோமான் ஹோஃப்ஸ்டெட்டர் என்ற துறவி எழுதியவையாக இருக்கலாம் என்கிறார்கள். 'ஹைடனின் செரனேடு' என்று நீங்கள் மாணவர்களுக்குக் கற்றுத்தரும் அந்த இனிய மெட்டு அந்த ஆறில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்தை நம்பவைத்த பிழை! என் நாயகனிடம் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பதிப்பாசிரியராக அவர் அங்கே சறுக்கியிருக்கிறார்.

1805-இல் பிளெயெல் வியன்னாவுக்குப் போனார். அங்கே பதிப்பகத்துக்குக் கிளை திறக்கும் எண்ணம், அது கைகூடவில்லை. ஆனால் தனியாகப் போகவில்லை. பதினாறு வயது காமீயையும் கூட்டிக்கொண்டு போனார். தளர்ந்துபோயிருந்த ஹைடனைச் சென்று பார்த்தார்கள். பேத்தோவன் வாசித்ததையும் கேட்டார்கள். நான் தகப்பனாகவும் இருப்பதால் இந்தப் பயணத்தை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஐசன்ஷ்டாட்டில் தான் உட்கார்ந்து படித்த குருவின் முன்னால், தான் படித்த வயதில் இருக்கும் தன் மகனை நிறுத்துகிறான் ஒருவன். கிளை திறக்காமல் போனால் என்ன!

ஊர் திரும்பி இரண்டு ஆண்டில், 1807-இல், பியானோ செய்யும் தொழிற்கூடம் ஆரம்பித்தார். ஐம்பது வயது. மூன்றாம் முறையாகப் புதுத்தொழில். தேவாலயத்திலிருந்து அச்சுக்கு, அச்சிலிருந்து மரத்துக்கும் கம்பிக்கும். பியானோ ஆசிரியர்கள் இனி இந்தக் கதையை நன்றாகவே அறிவார்கள் என்பதால் நான் வேகமாகப் போகிறேன். 1815-இல் காமீய் பங்காளியானான். அவனே நல்ல பியானோ கலைஞன். அந்த ஆண்டு லண்டனுக்குப் போய் அங்குள்ள இசையுலகைப் பற்றிப் பெற்றோருக்குக் கடிதம் கடிதமாக எழுதியிருக்கிறான். தகப்பன் சம்பாதித்த நல்ல பெயர் அந்த ஊரில் அவனுக்கு முன்னால் போய் நின்றிருக்கும். மெல்ல மெல்ல நிர்வாகத்தை மகன் கையில் விட்டுவிட்டு, பாரிஸுக்கு வெளியே பண்ணையில் போய் அமர்ந்துகொண்டார் முதியவர். 1834 வாக்கில் அந்தத் தொழிற்கூடத்தில் 250 பேர் வேலை செய்தார்கள். ஆண்டுக்கு ஆயிரம் பியானோக்கள் வெளியே போயின.

(நடுவில் ஒரு கிளைக்கதை. 1831-இல் காமீய் மணந்த மாரி மோக், அதுவரை பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸுக்கு நிச்சயிக்கப்பட்டவள். இத்தாலியில் இருந்த பெர்லியோஸ் செய்தி கேட்டுத் துப்பாக்கியும் வேலைக்காரி வேடத்துக்கான உடையும் எடுத்துக்கொண்டு மணமகள், அவள் தாய், மாப்பிள்ளை மூவரையும் சுடப் புறப்பட்டார். வழியில் மனம் மாறி நீஸ் நகரில் தங்கிவிட்டார். பெர்லியோஸே எழுதிவைத்த கதை இது. அவரை யாரும் இரண்டு வரியில் அடக்குவதில்லை.)

அதே 1831-இன் நவம்பர் 14 அன்று இக்னாஸ் பிளெயெல் காலமானார். பாரிஸின் பேர் லஷேஸ் கல்லறையில் அடக்கம்.

மூன்றரை மாதம் கழித்து, 1832 பிப்ரவரி இறுதியில், பிளெயெல் நிறுவனத்தின் கூடத்தில் போலந்திலிருந்து வந்திருந்த ஒல்லியான இளம் பியானோ கலைஞன் ஒருவன் பாரிஸில் தன் முதல் கச்சேரியை நடத்தினான். ஷோபான். ஆறு பியானோக்களை ஒரே நேரத்தில் வாசிக்கும் கால்க்பிரென்னரின் படைப்பும் அன்று நிகழ்ச்சியில் இருந்தது. ஆறு பியானோவைச் சேர்த்து வைக்கப் பியானோக் கடையைவிட வசதியான இடம் எது? பதினாறு ஆண்டுகள் கழித்து, 1848 பிப்ரவரி 16 அன்று, ஷோபான் பாரிஸில் கடைசியாக வாசித்ததும் பிளெயெல் கூடத்தில்தான். நடுவில் மயோர்காத் தீவில் நோயோடு கிடந்தபோது அவருக்குக் கப்பலில் போய்ச் சேர்ந்தது பிளெயெல் செய்த சிறு பியானோ. அங்கே அவர் முடித்த முன்னிசைத் தொகுப்பின் பிரெஞ்சுப் பதிப்பைக் காமீய்க்குக் காணிக்கையாக்கினார். உடம்பு சரியில்லாத நாளில் எரார் (போட்டி நிறுவனம்) செய்த பியானோ போதும், அதில் ஒலி தயாராக இருக்கும். தெம்பாக இருக்கும்போது என் ஒலியை நானே தேடப் பிளெயெல் வேண்டும் என்ற பொருளில் அவர் சொன்னதாகக் கூறுவார்கள்.

நான் சொல்ல வந்தது ஒரு சின்ன விஷயம். அருங்காட்சியகங்களில் ஷோபானின் பியானோ என்று காட்டும் படங்களை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். விசைகளுக்கு மேலே உள்ள பலகையில், சாய்ந்த அழகிய எழுத்தில், செய்தவர் பெயர் இருக்கும்: 'இக்னாஸ் பிளெயெல் அண்டு கம்பெனி, பாரிஸ்'. அந்தக் கருவிகள் செய்யப்பட்டபோது இக்னாஸ் உயிரோடு இல்லை. நிறுவனம் மகனுடையது, மகனும் பேர்பெற்ற கலைஞன். தன் பெயரைப் போட்டுக்கொள்ள எவரும் தடுத்திருக்க மாட்டார்கள். விரல் படுகிற இடத்துக்கு நேர் மேலே, வாசிப்பவன் கண் விழுகிற இடத்தில், அப்பாவின் பெயரையே விட்டுவைத்தான். வியாபார உத்தி என்று நீங்கள் சொல்லலாம்; பழைய பெயருக்குச் சந்தையில் மதிப்பு உண்டுதான். இரண்டும் ஒன்றாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே. பிள்ளை தகப்பன் பெயரைப் பலகையில் வைத்துக்கொண்டு பிழைப்பதைவிடக் குடும்பத் தொழிலுக்கு வேறென்ன அழகு இருக்கிறது?

இனி என் குறைகளைச் சொல்கிறேன். உங்களில் சிலருக்குக் கோபம் வரலாம்.

பிளெயெலின் டூயட்டுகளை நீங்கள் ஏணிப்படி போலப் பயன்படுத்துகிறீர்கள். எட்டாம் எண் தொகுப்பு, நாற்பத்தெட்டாம் எண் தொகுப்பு, இரண்டையும் மாணவன் தாண்டிவிட்டால் அத்தோடு பிளெயெல் முடிந்தார். அடுத்தது 'உண்மையான' இசை. அவை எளியவை என்பது உண்மை. இடது கையைப் பெரும்பாலும் நகர்த்தாமலே வாசித்துவிடலாம். ஆனால் அவை எளியவையாகத் தற்செயலாக அமைந்துவிடவில்லை. கச்சிதமாகப் படித்த கலைஞன் ஒருவன், வீட்டில் உட்கார்ந்து வாசிக்கப்போகும் கற்றுக்குட்டிகளை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியவை. அதில் இரண்டாம் வயலினுக்கும் ஒரு மானம் இருக்கிறது. எத்தனையோ பாடப்புத்தக டூயட்டுகளில் என் வேலை ஒரே சுரத்தைப் பக்கம் பக்கமாக இழுப்பது. பிளெயெலிடம், எட்டுப் பத்துத் தாளக்கட்டுக்கு ஒருமுறையாவது மெட்டு என் பக்கம் வரும். மகள் வாசித்ததை நான் திருப்பிச் சொல்வேன், அவள் எனக்குத் தாங்கிப் பிடிப்பாள். அப்போது அவள் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்ப்பாள். "பார்த்து வாசியுங்கள், உங்கள் முறை" என்று அர்த்தம். வாடிக்கையாளனின் வீடு எப்படி இருக்கும், அங்கே யாரோடு யார் உட்கார்ந்து வாசிப்பார்கள் என்று தெரிந்த ஆள்தான் இப்படி எழுத முடியும். பின்னால் கடை வைத்தபோது அவர் புதிதாக ஒரு மனிதனாக மாறிவிடவில்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

அவருக்குள் இருந்த இசையமைப்பாளன் பாரிஸுக்கு வந்தபின் குறைந்துகொண்டே போனான் என்பதை மறுக்கவில்லை. நாற்பத்தொரு சிம்பொனிகள், எழுபது குவார்டெட்டுகள். அவற்றில் மிகப் பெரும்பகுதி கடைக்கு முந்தியவை. இன்னும் எழுதியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஹைடனின் இடத்தை அவர் நிரப்பவும் இல்லை. பேத்தோவன் வந்து அந்த நாற்காலியையே வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அது பிளெயெலுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகு கசந்துபோகாமல், அதே பேத்தோவனை அச்சிட்டு விற்றார் பாருங்கள், அதைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் வகுப்பில் உருவாக்கும் நூறு பேரில் மேடைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? மற்றவர்கள் கருவி பழுது பார்ப்பார்கள், ஒலிப்பதிவு செய்வார்கள், பள்ளி நடத்துவார்கள், இசைத்தாள் விற்பார்கள். அவர்கள் எல்லாரும் 'கைவிட்டவர்கள்' என்று பதினோரு வயதிலேயே அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்.

பாரிஸில் பிளெயெல் பியானோக்கள் செய்வது 2013-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. இருநூறு ஆண்டுக்குமேல் ஓடிய தொழிற்கூடம். அவர் பெயர் தாங்கிய, 1927-இல் திறந்த இசை அரங்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அங்கே இப்போது செவ்வியல் இசைக்கு இடமில்லை. ரூப்பர்ஸ்தாலில் அவர் பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. பிளெயெல் துதிப்பாடல் என்று ஒரு மெட்டு, அவர் எழுதிய குவார்டெட் ஒன்றிலிருந்து எடுத்தது, ஆங்கிலம் பேசும் நாடுகளின் தேவாலயங்களிலும் இறுதிச் சடங்குகளிலும் இன்றும் பாடப்படுகிறது. பாடுகிறவர்களில் பாதிப்பேருக்கு அது யாருடையது என்று தெரிந்திருக்காது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியங்கள் எதுவும் இல்லை. டூயட்டைக் கொடுக்கும்போது தனித்தனித் தாளோடு சேர்த்து, இரண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும் ஸ்கோரையும் கொடுங்கள். ஸ்கோரைச் சாதாரண ரசிகன் கையிலும் கொடுத்த ஆள் யார் என்று ஒரு நிமிடம் சொல்லுங்கள். மெதுவான பகுதியைத் தாவிப் போகாதீர்கள்; தேர்வில் கேட்பதில்லை என்பதற்காக அதை விட்டுவிடுகிறீர்கள். பெற்றோரில் யாராவது ஒருவர் தட்டுத்தடுமாறியாவது இரண்டாம் வயலின் வாசிக்க முன்வந்தால் சிரிக்காதீர்கள்.

அந்தத் துண்டறிக்கையைப் பற்றி: அடுத்த நிகழ்ச்சி இரண்டு மாதத்தில் வருகிறது. நாற்பத்தெட்டாம் எண் தொகுப்பிலிருந்து ஒன்றை வாசிக்க நானும் மகளும் பெயர் கொடுத்திருக்கிறோம். பிளெயெலுக்கு இரண்டு வரிதான் இடம் என்றால், இரண்டு வரியே இருக்கட்டும். நான் எழுதித் தருகிறேன்: "இக்னாஸ் பிளெயெல் (1757–1831). இசையமைத்தார், அச்சிட்டார், பியானோ செய்தார். மகன் அவர் பெயரிலேயே தொடர்ந்தான்." எண்ணிப் பாருங்கள், பழைய வரிகளைவிட இரண்டு சொல்கூட அதிகம் இருக்காது.

இப்படிக்கு,
இரண்டாம் வயலின்